ஓடுகிற கிணற்றை நிறுத்துவது

1

கடைசியாக நடந்த சாதாரண விஷயம், போன் நனைந்தது. இந்தக் கதை அதிலிருந்துதான் வருகிறது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

எருத்தேன்பதித் தோட்டத்தில் காலை. கோகுல்நாத் வேலை பார்த்த டெக்சாஸில் முந்தின நாள் மாலை. வீடியோவில் மனைவி செல்வப்பிரியாவிடம் வழக்கம்போலத் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றைத்தான் கேட்டான்.

“செல்வி, போர்த் தண்ணியக் காட்டு.”

“தெனமும் அதே தண்ணிதானுங்க. பொண்டாட்டி மூஞ்சி வேண்டாமாக்கும்?”

“மூஞ்சி அப்பறம். இன்னுங் கொஞ்சம் கிட்டக்கக் கொண்டு போ.”

கொண்டுபோனாள். குழாய் துப்பியது. நனைந்த போனைத் துண்டில் துடைத்துக்கொண்டே அவனைத் திட்டினாள். அவன் சிரித்தான்.

2

(முதலில் இதை ‘நான்’ வைத்துத்தான் தொடங்கினேன். அன்று நான் குழாயடியில்

அதற்குமேல் கை ஓடவில்லை. ஆகவே இனி செல்வப்பிரியா. அவளுக்கு நடந்தது என்றால் எழுத முடிகிறது.)

பழைய எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஷேல் என்கிற இறுகிய பாறைக்குள் எண்ணெய் அடைபட்டுக் கிடக்கும். தண்ணீரையும் மணலையும் கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்தால்தான் வெளியே வரும். அதுதான் ஃபிராக்கிங். அன்று சிரித்து முடித்ததும் சொன்னான்:

“நாளைக்குப் பக்கத்துல புதுக் கெணத்துக்கு ஃபிராக் பண்றாங்க. எங்க பழைய கெணறு பல வருசமா உறிஞ்சுனதுல சுத்தியும் பாறை சக்கையாக் கெடக்குது. விரிசல் அந்தப் பக்கந்தான் பாயும். அங்க அடிக்கற அடி இங்க வந்து விழும்.”

“அப்ப என்ன பண்ணோணுமுங்க?”

“ஓட்டத்த நிறுத்தி, உள்ள தண்ணி ரொப்பி வெக்கோணும். மேல இருக்கறவங்க, ஓடற கெணறு ஓடட்டும்னுட்டாங்க. நாளைக்கு மறுபடி கேட்டுப் பாக்கறேன்.”

(ஒரு குறிப்பு. எல்லாக் கிணறும் இப்படிக் கெடுவதில்லை. பக்கத்துக் கிணற்றில் அடிக்கும் அடியில் சில பழைய கிணறுகள் கொஞ்ச நாள் கூடுதலாகக்கூடக் கொடுக்குமாம். சிலவற்றில் எண்ணெய் குறைந்து தண்ணீரும் மணலும் ஏறும். எது எப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பான். இந்தக் கதையில் என்னை நடுங்க வைப்பது அந்த ஒரு விஷயம்தான்.)

மறுநாள் அவன் அந்தக் கிணற்றின் தலைமாட்டில்

இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக எழுதி அடித்துவிட்டேன். அழுத்தம் தாங்காமல் வால்வு பிய்த்துக்கொண்டது. கூட வேலை பார்த்தவர்கள் போனில் அவ்வளவுதான் சொன்னார்கள்.

3

அது நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. நேற்று பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் வேலியோரம் வந்து நின்றார். அவருடைய போர் வற்றிக் கிடக்கிறது. அதற்குள் தண்ணீரை அழுத்தி, பாறையைப் பிளந்து, ஊற்றுக்கு வழி விடுகிற வண்டியைப் பிடித்திருக்கிறார்.

“ஏனுங்க பெரிம்மா, நாளைக்குப் பிரஷர் வண்டி வருதுங்க. மாடு மெரளும், அந்தப் பக்கமாக் கட்டிக்கோங்க.”

“தண்ணி வந்தா உனக்கு, சேறு வந்தா எங்களுக்கா மாரப்பா?” என்றார் கமலாத்தாள். கோகுல்நாத்தின் அம்மா.

“அட, பூமாதேவி பாத்துப் பங்கு போட்டுக் குடுப்பாளுங்க.”

அவர் தலை மறைந்ததும் கமலாத்தாள் மோட்டாரைப் போட்டார். பக்கத்தில் போர் வேலை என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது இதுதான். அவன் எடுப்பதற்குள் நாம் எடுத்துவிட வேண்டும். தென்னைக்கெல்லாம் வட்டப்பாத்தி நிறைந்து வழிந்தது. மோட்டார் நிற்கவில்லை.

அந்தச் சத்தத்துக்குள் செல்வப்பிரியாவுக்குக் கேட்டது இதுதான்: ஓடற கெணறு ஓடட்டும்.

4

(கமலாத்தாளை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம். மகன் எப்படிப் போனான் என்று இதுவரை கேட்காத தாய் உண்டா? ஆனால் இவர் கேட்கவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விடுவார். கேட்காதவரைக்கும் மகன் வெளியூரில்தான் இருக்கிறான்.)

இன்று காலை.

“அத்தை, மோட்டார நிறுத்தீரலாமுங்க.”

“ஏங்கண்ணு, கிறுக்கா உனக்கு? நிறுத்துனா நம்ம தண்ணி அவனூட்டுக்குப் போயிரும்.”

“எடுக்க எடுக்க நம்ம பக்கந்தானுங்க சக்கையாகும். அடி இங்கதான் வந்து விழும்.”

“ஆரு சொன்னா?”

பதில் ஒரு பெயர்தான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அவன் எதுக்கு அதச் சொன்னான்? அதற்குப் பதில் சொன்னால், அவன் எப்படிப் போனான் என்பதும் வந்துவிடும்.

5

ஒரு முடிவு: சொல்லிவிடுகிறாள். மோட்டார் நிற்கிறது. தண்ணீர் தப்பிக்கிறது. கமலாத்தாளுக்கு மகன் செத்துப்போகிறான்.

இன்னொன்று: வாயை மூடிக்கொள்கிறாள். நாளை குழாயில் சேறு வருகிறது. தென்னைகள் ஒவ்வொன்றாக

மூன்றாவதை எழுதவே பயமாக இருக்கிறது. சொல்லியும், நிறுத்தியும், சேறுதான் வருகிறது.

எதை வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியாது. வண்டி மாரப்பன் தோட்டத்துக்குள் திரும்புகிறது, மாடு கயிற்றை இழுக்கிறது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தை இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

என் கையில் போன். கேமராக் கண்ணாடிக்குள் அன்று புகுந்த ஈரம் இன்னும் காயவில்லை.