சட்னி வேண்டாம் என்றவள்

என் காரச் சட்னியை வேண்டாம் என்று சொன்னவர்கள் தாராவியில் இதுவரை யாரும் இல்லை. அன்று சண்முகவடிவு வேண்டாம் என்றாள். பதினோரு வருஷமாக எங்கள் சந்தில் இட்லி விற்கிறேன். அவள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைத் தகரச் சுவர்தான். தினமும் நாலு இட்லிக்கு இரண்டு தரம் சட்னி கேட்கிறவள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என்னட்டி, எங் கைப்பக்குவம் கசக்குதோ?"

"இல்லக்கா, வாயெல்லாம் வெந்து கெடக்கு. முழுங்க முடியல."

சூடு என்றார்கள் சந்துக்காரிகள். ஆளுக்கொருத்தி மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுத்தாள். நானும் கொடுத்தேன், தேங்காய்ப்பால் விட்டு. பத்து நாள் தின்றும் வாய் ஆறவில்லை. தோல் பை தைக்கும் பட்டறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை.

அன்று மத்தியானம் அவளை உட்கார வைத்து, "வாயத் தொறட்டி" என்றேன். நாக்கு முழுக்கத் தயிர்க்கட்டி போல வெள்ளை. அதே வெள்ளையைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், என் வாயிலேயே.

என் வீட்டுக்காரர் டி.பி.யில் போனார் என்று சந்துக்குத் தெரியும். எச்.ஐ.வி.யால்தான் டி.பி. பிடித்தது என்று தெரியாது. எனக்கும் அது இருப்பதும், உளுந்து டப்பாவுக்குள் ஒன்பது வருஷமாக மாத்திரை இருப்பதும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என் கை இட்லியை வாங்குவார்களா? நன்றாக வாங்குவார்கள்!

"கீரைய விடு. பெரியாஸ்பத்திரிக்குப் போ. சுகர் பாரு. எச்.ஐ.வி.யும் பாத்துரு."

அவள் விருட்டென்று எழுந்தாள். "என்னய என்னன்னு நெனச்சிய? நான் அந்த மாதிரிப் பொம்பளையா?"

"அப்ப நான் அந்த மாதிரிப் பொம்பளையாட்டி?"

வாய் முந்திக்கொண்டது. இனி மறைத்து என்ன? கதவைச் சாத்தி எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவில் கையை விட்டு மாத்திரையை எடுத்துக் காட்டினேன்.

"எனக்கு ஒடம்புல எதுப்புச் சக்தி கொறஞ்சப்பதான் இந்த வெள்ள வந்துச்சு. இதுக்கும் மருந்து இருக்கு, அதுக்கும் மருந்து இருக்கு. சும்மா விட்டா அடுத்து டி.பி. வந்து நிக்கும். எங்க வீட்டுல அப்படித்தான் விட்டோம்."

மாத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் இட்லிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வழக்கமாக வரும் வேறு இரண்டு பேரையும் காணோம். போச்சு, சொல்லிவிட்டாள் பாவி என்று திட்டித் தீர்த்தேன். அந்த இரண்டு பேரும் சான்பாடா பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாளா, இல்லை உள்ளேயே கிடந்து சாகிறாளா? அதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

பத்தாம் நாள் காலை. ஆறேழு பேர் நிற்கிறார்கள். சண்முகவடிவு தட்டோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள்.

"நாலு இட்லிக்கா. சட்னி ஊத்துங்க."

ஊற்றினேன்.

"இன்னுங் கொஞ்சம்."

அங்கேயே நின்று தின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, காரம் என்றாள். தட்டைக் கழுவிவிட்டு என் காதோரம் குனிந்தாள்.

"ராத்திரி மாத்திரைய எத்தன மணிக்குப் போடுதிய?"

"ஒம்பதுக்கு."

"நானும் ஒம்பதுக்கே போடுதேன்க்கா. செவுத்துல ஒரு தட்டுத் தட்டுங்க, மறந்துருவேன்."