பன்னிரண்டடி அறை

சூசைதாசனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு பேச்சு நின்றுவிடும். அன்று காலை ஓவசியர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு "பதினொண்டு" என்று சொன்னபோது இரண்டும் ஒன்றாகவே நடந்தன. பதினொன்றா? பிளானில் பன்னிரண்டுக்குப் பத்து என்றல்லவா கிடக்கிறது! அந்தப் பிளானின் அடியில் கிடப்பது அவனுடைய கையெழுத்து.

கூரை போடுவதற்கு முன் ஓவசியர் வந்து அளப்பது ஊர்ச் சபையான போர்ட்டின் சட்டம். சுன்னாகம் பக்கத்தில் கல்வீடுகள் பெருகத் தொடங்கிய முப்பதுகளில், கொந்தராத்துக்கு, அதாவது ஒப்பந்தத்துக்கு, வீடு கட்டுகிறவன் எவனும் போர்ட்டுப் பதிவில் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. முதல் வீடு பரீட்சை வீடு. பிளானும் சுவரும் ஒத்துவந்தால் பெயர் நிலைக்கும். ஒத்துவராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், மூன்று வருடத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது.

அந்தப் பெயருக்காக அவன் பட்ட பாடு நாய் படாது. பதினைந்து வருடம் சண்முகநாதர் என்ற கொந்தராத்துக்காரரிடம் மேசன் வேலை செய்தவன் அவன். சண்முகநாதர் சாந்தகப்பையைக் கையால் தொட்டது கிடையாது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு குடைபிடித்து நிற்பார், அவ்வளவுதான். வீடு முடிந்தால் ஊர் சொல்வது, "சண்முகநாதர் கட்டின வீடு." நோகாமல் நுங்கு தின்கிற சீவன். பதிவுக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்டுப் போனபோது அந்த மனுசன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, மேசனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டார். பிறகு சூசைதாசன் தான் கட்டிய வீடுகளின் சொந்தக்காரர்களிடம் படலை படலையாக ஏறி இறங்கினான். பிளானில் இருக்கும் இங்கிலீசுச் சொற்களை, கன்னியர் மடத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்த மனைவி செபஸ்தியம்மா மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஏழு தரம் போர்ட்டுக் கந்தோருக்கு நடந்து, எட்டாம் தரம் அந்தப் பதிவுத் துண்டைக் கையில் வாங்கினான். செபஸ்தியம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

முதல் வீட்டைக் கொடுத்தவர் கனகசபாபதி. மலாயாவில் ஈப்போ ரயில்வேயில் இருபத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர். வாசிகசாலையில் இருந்து இங்கிலீசுப் பேப்பர் வாசிப்பார். ஊரில் நாள் பார்க்கிறவர்களையும் மனையடி பார்க்கிறவர்களையும் வாய்விட்டுப் பரிகசிப்பார். சூசைதாசன் வேதக்காரன்தான். ஆனாலும் சைவ வீடுகளில் கல் வைத்துப் பழகியவனுக்கு எந்த அடி ஆகும், எந்த அடி ஆகாது என்பது மனப்பாடம். பிளானைப் பார்த்த அன்றே அவரிடம் கேட்டான்: அறை பன்னிரண்டாய் நிற்கிறதே, ஐயா, மனையடியில் அது கூடாத அளவல்லவா, மாற்றச் சொல்லவா?

கனகசபாபதி கடகடவென்று சிரித்தார். "நீ வேதக்காரன், சூசை. உனக்கேன் உந்த மூட நம்பிக்கை?" என்றார்.

சரி, பெரிய மனுசன் சொல்லிவிட்டார், இனி நமக்கென்ன என்று சூசைதாசன் பிளானில் கையெழுத்துப் போட்டான்.

வெளிச்சுவருக்கு அத்திவாரம் எழும்பியது. சுண்ணாம்பு போதாமல் அவன் பண்டத்தரிப்புப் பக்கம் சூளைக்குப் போய் மூன்று நாள் நின்றான். திரும்பி வந்தபோது ஹோலுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான், நேர். மட்டப்பலகை வைத்துப் பார்த்தான், சமம். வெளிச்சுவரைச் சுற்றி அளந்தான், சரி. உள்ளே மட்டும் நாடா பிடிக்கவில்லை. தான் பழக்கிய கைகள், தன் கண்முன் கட்டிய நூல், அதை ஏன் திரும்ப அளக்க வேண்டும்? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

இப்போது ஓவசியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார். அவர் பொல்லாத மனுசர் அல்லர், சட்டத்தைச் சட்டமாகச் சொல்பவர்.

"படுக்கிற அறை நூற்றிருபது சதுர அடிக்குக் குறையக் கூடாது. இது நூற்றிப்பத்து. கையெழுத்து உம்மடை, சூசைதாசன். நான் என்ன எழுத?"

சூசைதாசன் தன் மேசன் ஏரம்புவைத் திரும்பிப் பார்த்தான். ஏரம்புவின் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணை, நீங்கள் சொல்லிப்போட்டுப் போனதெண்டெல்லோ ஐயா சொன்னவர்," என்றான் அவன். "நூலை ஓரடி அறைப் பக்கம் தள்ளிக் கட்டட்டாம் எண்டு."

எல்லோரும் கனகசபாபதியைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். தனக்கு உந்த வேலையெல்லாம் தெரியாது, தான் கொந்தராத்துக்குக் கொடுத்ததோடு சரி, மேசன்மாருக்குக் கணக்குப் பிசகியிருக்கும் என்று ஓவசியருக்கு இங்கிலீசில் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இங்கிலீசில் செய்தால் பூசணிக்காய் சின்னதாகிவிடுமா? சூசைதாசனுக்கு அந்த இங்கிலீசு முழுதும் விளங்கவில்லை. 'மேசன்' என்ற சொல் விளங்கியது.

ஓவசியர் தன் சைக்கிளில் இருந்த புத்தகத்தை எடுக்கப் போன இடைவெளியில், கனகசபாபதி அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ பெரிய உபகாரம் செய்வது போலப் பேசினார்.

"பேர் போனாப் போகட்டும், சூசை. நீ மேசன், உனக்கேன் றெஜிஸ்டர்? மிச்ச வேலையைச் சண்முகநாதரின்ரை பேரிலை முடிப்பம். உனக்கு நான் வேலை பிடிச்சுத் தாறன்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்! சூசைதாசனின் காது தீயாய் எரிந்தது. சண்முகநாதரின் பேரிலா? இரண்டு வருடம் நாயாய் அலைந்து வாங்கிய பெயரை அழித்துவிட்டு, திரும்பவும் அந்தக் கோட்டுக்காரனின் குடைக்குக் கீழே போய் நிற்பதா?

"நீங்கள்தான் நூலை மாத்தச் சொன்னனீங்கள் எண்டு ஓவசியருக்கு எழுதித் தாங்கோ," என்றான்.

அவர் மாட்டேன் என்றார். வாசிகசாலையில் தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்றார். மனையடிக்குப் பயந்து சுவரைத் தள்ளியவன் என்று கந்தோர்ப் புத்தகத்தில் தன் பெயர் கிடக்க வேண்டுமோ என்று கேட்டார். அவனுடைய பெயர் அழிந்தால் பரவாயில்லை, அவருடைய பெயருக்கு ஒரு கீறல் விழக்கூடாது. என்ன நியாயம், என்ன நியாயம்!

சூசைதாசன் சாந்துக் குழியண்டை கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். ஓவசியர் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, நான் பிளானுக்குக் கையெழுத்து வைச்சனான். பிளானிலை பன்னிரண்டு. இப்ப பன்னிரண்டாக்கிறன். உங்கடை புத்தகத்திலை அதை எழுதுங்கோ," என்று அவரிடம் சொல்லிவிட்டு, அலவாங்கை ஓங்கி நடுச்சுவரில் போட்டான். நெஞ்சுக்கு நேரான கல் இரண்டு பெயர்ந்து ஹோலுக்குள் விழுந்தன. திரும்பவும் போட்டான். தான் கட்டின சுவரைத் தானே இடிக்கிற வயிற்றெரிச்சல் எவனுக்கும் வரக்கூடாது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது தூசியால் அல்ல.

கனகசபாபதி ஓடிவந்து அலவாங்கைப் பிடித்தார். தொப்பி எங்கோ விழுந்துவிட்டது.

"இடியாதை! பன்னிரண்டு வேண்டாமடா!" அவர் கத்தியது வெளியே ஒழுங்கைக்கும் கேட்டிருக்கும். "ஈப்போ ரயில்வேக் குவாட்டசிலை பன்னிரண்டடி அறையிலைதான் என்ரை பிள்ளை காய்ச்சலிலை கிடந்து செத்தவன். இஞ்சை வந்தாப் பிறகுதான் ஒரு சாத்திரி அந்த அளவு கூடாதெண்டு சொன்னவர். நான் நம்பேல்லை. ஆனா அந்த அளவிலை திரும்பவும் ஒரு அறை வேண்டாம்."

ஏரம்பு தலையைக் குனிந்துகொண்டான். ஓவசியர் புத்தகத்தை மூடினார். வேறு எவனாயிருந்தாலும் அந்த இடத்தில் கோபம் இறங்கியிருக்கும். சூசைதாசனுக்கும் மனம் இளகத்தான் செய்தது. ஆனால் இளகிய மனத்துக்குள்ளேயே கோபம் இரண்டு மடங்காய்க் கிளம்பியது.

"இதை எனக்குச் சொன்னா என்ன, ஐயா?" அவன் அலவாங்கைக் கீழே போட்டான். "நான் கேட்டனானெல்லோ? முதல் நாளே வாய்விட்டுக் கேட்டனான். பதினொண்டுக்குப் பதினொண்டு நூற்றிருபத்தொண்டு. சட்டத்துக்கும் காணும், உங்கடை மனையடிக்கும் காணும். பின்சுவரிலை ஓரடி, அவ்வளவுதான். ஏரம்புவிட்டைச் சொல்ல வாய் வந்த உங்களுக்கு என்னட்டைச் சொல்ல வரேல்லை. நானும் வெறும் மேசனெண்டுதானே நினைச்சனீங்கள்?"

கனகசபாபதி குனிந்து விழுந்த தொப்பியைத் தேடி எடுத்தார்.

ஓவசியர் புத்தகத்தைத் திரும்பவும் திறந்தார். சொந்தக்காரர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பின்சுவரை இடித்து ஓரடி தள்ளப் புதுப் பிளான் தந்தால், தான் பிழையைக் கொந்தராத்துக்காரர் தலையில் போட வேண்டியதில்லை என்றார். கொந்தராத்துக்காரர் என்று அந்த வளவில் ஒருவர் அவனைச் சொன்னது அதுவே முதல் தடவை.

கனகசபாபதி பேனாவை வாங்கி, சுவரில் விழுந்த உடைவில் புத்தகத்தை வைத்து எழுதினார். இங்கிலீசில் தொடங்கி, மனையடி என்ற இடத்தில் நின்று, கடைசியில் தமிழில் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தவர், "சூசை, மனசிலை வைச்சிராதை," என்றார்.

சூசைதாசன் அந்தக் கையெழுத்தை ஒருமுறை பார்த்தான், மை காயும்வரை பார்த்தான். பிறகு ஏரம்புவைக் கூப்பிட்டுப் பின்சுவர்ப் பக்கம் நூலைப் பிடிக்கச் சொன்னான். நாடாவின் ஒரு நுனியைக் கனகசபாபதியின் கையில் கொடுத்தான்.

"மூலையிலை பிடியுங்கோ," என்றான். "பதினொண்டை உங்கடை கண்ணாலை பாத்துச் சொல்லுங்கோ. சொன்னாப் பிறகுதான் நான் கல் வைப்பன்."