உதடுகள் ஒன்றாம் அடுக்கில்

1.
ஒரு தவறான எண்ணிலிருந்து பிறந்த கதை இது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பக்கவாதத்தில் பேச்சிழந்த அம்மாவுக்காக ஓர் அக்காவும் தம்பியும் அசைபடம் செய்கிறார்கள். அம்மாவின் முகத்தைத் தம்பி வரைந்தான். அது ஒரு கோப்பு. 'போதும்' என்று சொல்லும் உதடுகளை அக்கா வரைந்தாள், அது இன்னொன்று. கணினி நிரல் இரண்டையும் ஏற்றி, கண்ணாடித் தாள்கள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும். ஒவ்வொரு தாளும் ஓர் அடுக்கு: அடித்தாளின் எண் பூஜ்யம், மேல்தாள் ஒன்று. அதைப் பார்த்து அம்மா பழக வேண்டும்.

ஏன் 'போதும்'? அக்கா சோறு ஊட்டும்போது வேண்டாமென்று சொல்ல அம்மாவுக்கு வழியில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்லாவது வராவிட்டால் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று வீட்டுக்கு வரும் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். இன்று வியாழன்.

2.
அக்கா உதடுகளையும் பூஜ்யத்திலேயே ஏற்றிவிட்டாள். ஓர் அடுக்கில் ஒரு கோப்புக்குத்தான் இடம். புதியது வந்தால் பழையது காலி. வெள்ளைத் திரையில் உதடுகள் மட்டும் மிதந்தன.

"என்னக்கா, அம்மாவையே காணாமப் பண்ணிட்ட?"

"நீ வரைஞ்ச மூக்குக்கு அதுவே மேல்டா."

அம்மா சிரித்தாள். (அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்: வாயின் இடது பக்கம் சிரித்தது.)

3.
எண்ணை மாற்றினாள். முகம் வந்தது; உதடுகள் அசையவில்லை. கோப்பு முழுதாக ஏறுவதற்குள் 'ஓடு' என்று கட்டளை போயிருந்தது. ஆளில்லாத அறையில் பேசினால் யார் கேட்பது? தம்பி ஒரு வரி சேர்த்தான்: ஏறி முடிந்ததா என்று பார், முடிந்த பிறகு ஓடு.

இப்போது உதடுகள் மூடின, குவிந்தன, விரிந்தன, மறுபடி மூடின.

"சொல்லும்மா. போ... தும். சொல்லேன். போ..."

"ஏறி முடியட்டும்க்கா."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். ஒன்றாம் அடுக்கை மட்டும் நிறுத்தினாள். கீழே முகம் தன்பாட்டுக்கு இமைத்துக்கொண்டிருந்தது.

4.
முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அம்மா கணீரென்று சொல்லிவிடுகிறாள். பயிற்சியாளருக்காக எழுதியதுபோல் இருந்தது. மற்றதில், வெள்ளிக்கிழமை காலை அவர் தன் பையை

(இல்லை, இதை முடிக்க மாட்டேன்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மாவின் உதடுகள் மெல்ல ஒன்றாக மூடின. பேசாதவர்களின் உதடுகளும் மூடித்தான் இருக்கும். 'போதும்' என்று தொடங்குபவர்களும் முதலில் உதடுகளை மூடத்தான் வேண்டும்.

அக்கா காத்திருக்கிறாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.