முட்டுக் கொடுத்த அட்டைகள்

துன்பக் கடலில் தத்தளிக்கும் மாந்தரைக் கரைசேர்க்கும் கலம் திருமறையின் வாக்குறுதிகளே என்பதை, அறிவுசால் வாசகரே, நீவிர் அறிவீர். அக்கலம் செபக்கூடமொன்றில், முன்பு இனிப்பு வைத்திருந்த தகரப் பெட்டிக்குள், வாக்குறுதிக்கு ஒன்றாய் எழுதிய சிறு அட்டைகளாய்க் கிடந்ததை அறியமாட்டீர்.

கீழ்வானம் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் சிவந்து, நகரின் கூரைகளும் புகைபோக்கிகளும் ஒளி பூசிக்கொண்டு எழுந்த அவ்விடியற்பொழுதில், மருத்துவமனையின் நெடிய நடைவழி மட்டும் மருந்து நெடியைப் போர்த்துக்கொண்டு வாய்மூடிக் கிடந்தது. அதன் கோடியில், சக்கரக் கட்டிலில், சபை மூப்பரின் மனைவி படுத்திருந்தாள். நெஞ்சைத் திறந்து பழுது நீக்க இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூப்பரோ, மணிமுடியை ஏந்திய அமைச்சரென அத்தகரப் பெட்டியை ஏந்தி நின்று, அட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்து முழங்கினார். முதல் அட்டை களஞ்சியம் நிரம்பும் என்றது. அடுத்தது பகைவர் சிதறுவர் என்றது. மூன்றாவது மக்கட்பேறு அருளியது.

"அறுபத்திரண்டு வயசுல எனக்குக் குழந்தையா? டாக்டர் காதுல விழுந்தா ஓடிப்போயிடுவார்."

"வேற எடுக்கறேன்மா."

"தண்ணியைக் கடக்கும்போது கூட இருப்பேன்னு ஒண்ணு இருக்குமே, அது எங்கங்க?"

மூப்பரின் முழக்கம் அடங்கியது. தண்ணீர், தீ, இருள், கண்ணீர் என்னும் சொற்கள் செபக்கூடத்திற்கு வருவோரை அச்சுறுத்தும் என்று கருதி, அத்தகைய அட்டைகளை மூன்றாண்டுகளுக்கு முன் அவரே களைந்திருந்தார். மறைமொழியைக் குப்பையிலிடுவது பாவமென்று அஞ்சி, அவற்றை அடுக்கிக் கட்டி, முன்வரிசையிலிருந்த தம் நாற்காலியின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். தயங்கித் தயங்கி அதைச் சொன்னார்.

"மூணு வருஷமா அதுமேலயா உட்கார்ந்திருக்கீங்க?" என்றவள், அவர் சட்டைக் கையைப் பற்றி, "எனக்குப் பயமா இருக்குங்க. போய்க் கொண்டுவாங்க" என்றாள்.

நடையிலும் இலக்கணம் பிழையாத மூப்பர் இரண்டு தெருக்களை ஓடிக் கடந்தார். செபக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண், அவர் தரையில் குப்புறக் கிடப்பதைக் கண்டு திகைத்தாள்.

"முட்டி போட்டாப் போதுமே ஐயா, படுத்துக்கிட்டா வேண்டுவாங்க?"

"நாற்காலியைக் கொஞ்சம் தூக்கும்மா."

அவர் எடையால் அழுந்திப் பலகைபோல் ஒட்டியிருந்த அட்டைகளின் நடுவே அது இருந்தது. நூறு முறை உரக்கப் படித்ததை, அன்று புழுதியில் கிடந்தவாறே வாய்க்குள் படித்தார். வெள்ளம் வாராது என்று அதில் எங்குமில்லை. தனியே கடக்கமாட்டாய் என்று மட்டுமே இருந்தது. எழுந்திருக்க அவருக்குச் சற்று நேரமாயிற்று.

கட்டிலை உள்ளே தள்ளும் தறுவாயில் திரும்பி வந்தார். அவள் அட்டையைப் படித்தாள், கண்களை மூடினாள், பின் அவர் கையிலேயே திணித்தாள்.

"நீங்க வச்சுக்கோங்க. நான் தூங்கிடுவேன். வெளிய உட்கார்ந்திருக்கறவங்களுக்குத்தான் இது வேணும்."

கதவு மூடிற்று.

அறுவை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை வந்தபோதும் அவள் கண் விழிக்கவில்லை. மூச்சு மட்டும் சீராக ஓடிற்று. மூப்பர் முட்டாயிருந்த ஏனைய அட்டைகளையெல்லாம் பெட்டிக்குள் மீண்டும் சேர்த்தார். ஆழத்தை வற்றச் செய்வதன்று நம்பிக்கை, ஆழத்தினூடே கைப்பிடித்து நடத்துவதே நம்பிக்கை என்று, ஓங்காத குரலில், சட்டைப்பையைத் தொட்டவாறு சபைக்குச் சொல்லி அமர்ந்தார்.

வழிபாடு முடியும்வரை நாற்காலி ஆடிக்கொண்டேயிருந்தது.