பொறுமைசாலிக்கு விருதாம்

மார்வா இருந்த கோபத்தில் வெங்காயம் பொடிப்பொடியாகிக்கொண்டிருந்தது. சமையல் மேடையின் கடைசியில் இருந்த ரேடியோவில் டட்ச் பிரானிகன் வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். டொலிடோ நகரில் வேலை விட்டுக் காரோட்டிப் போகிறவன் எவனும் அவன் நிகழ்ச்சியைக் கேட்காமல் வீடு போய்ச் சேர்வதில்லை. கூடைப்பந்து லீக்கில் ஆண்டின் சிறந்த நிர்வாகி விருது யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் இன்றைய விவாதம். விவாதம் என்று பேர்தானே ஒழிய, போன் போட்டவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். டொலிடோ அணிக்கு ஆட்டக்காரர்களை வாங்கி விற்கிற மேனேஜர் ட்ரென்ட் லிண்ட்க்விஸ்ட். முதலிடத்தில் நிற்கும் அணியைக் கட்டிய மகான்.

"கட்டிக் கிழிச்சான்" என்றாள் மார்வா, வெங்காயத்தைப் பார்த்து.

அந்த அணியைக் கட்டியது அவள் புருஷன் ராய்ஸ் டாலிவர். ஐசேயா பெட்டிஸ் என்கிற நெட்டைப் பையனை மிசிசிப்பியில் பேர் தெரியாத ஏதோ ஒரு கல்லூரியில் போய்ப் பிடித்து வந்தவர் அவர். பையன் முழங்காலில் தசைநார் கிழிந்து படுத்தபோது, எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நீண்ட ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டதும் அவர்தான். அதற்கு இந்த ஊர் காட்டிய நன்றி கொஞ்சமா நஞ்சமா? அணி தோற்றபோது ரசிகர்கள் அவமானத்தில் மளிகைக்கடைக் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு அரங்கத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாட்டுங்கடா பையை என்று தூண்டிவிட்டதே இந்த டட்ச்தான். அந்த நாட்களில் மார்வா கடைக்குப் போனால் பில் போடுகிற பெண் "பேப்பர் பையா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மார்வா சாமான்களை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

சீசன் முடிவதற்குள் ராய்ஸுக்குச் சீட்டைக் கிழித்து, லிண்ட்க்விஸ்டைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பெட்டிஸின் முழங்கால் ஆறியது. அணி ஜெயிக்கத் தொடங்கியது. பேரெல்லாம் புதிதாக வந்தவனுக்குப் போனது.

அன்றிலிருந்து மார்வா, 'கேரல்' என்று பொய்ப் பேர் வைத்துக்கொண்டு டட்சுக்குப் போன் போட்டு, ராய்ஸுக்காக மல்லுக்கட்டி வந்தாள். ராய்ஸுக்கு இது தெரியாது என்பது அவள் நினைப்பு. போன் போடும் முன்பு மறக்காமல் ரேடியோவை அணைத்துவிடுவாள். வீட்டு ரேடியோ சத்தமாக ஓடினால் பேசுகிறவர் குரலே திரும்பி வந்து காதைக் கிழிக்கும். குறைக்காதவர்களின் லைனை டட்ச் ஈவிரக்கம் இல்லாமல் வெட்டிவிடுவான்.

இன்று மத்தியானம் வந்த போன்தான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. மேற்கே ஓர் அணி ராய்ஸை நேர்காணலுக்குக் கூப்பிட்டு, மறுபடியும் கூப்பிட்டு, வேலை கிடைத்தமாதிரிதான் என்று நம்பவைத்திருந்தது. இப்போது வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, லிண்ட்க்விஸ்ட் மாதிரிப் பொறுமைசாலி வேண்டும் என்று முதலாளி பிரியப்படுகிறாராம். வந்த இடத்தில் எதையும் கலைக்காமல், பெட்டிஸின் காலுக்காகக் காத்திருந்தாரே, அந்தமாதிரி ஆள்.

பொறுமையாம். நாற்காலியில் உட்கார்ந்த கையோடு லிண்ட்க்விஸ்ட் செய்த முதல் வேலை, லீக்கில் இருக்கிற அத்தனை மேனேஜர்களுக்கும் போன் போட்டு பெட்டிஸை யார் தலையிலாவது கட்டிவிடப் பார்த்தது. நொண்டிக்கால் நமக்கெதற்கு என்று ஒருத்தரும் வாங்கவில்லை. விற்காத சரக்கு வீட்டிலேயே கிடந்தது, அதற்குப் பேர் பொறுமை. பழைய சிநேகிதர்கள் இதை ராய்ஸிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள், ராய்ஸ் அவளிடம் சொன்னார். விருதுக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் அதே மேனேஜர்கள்தான். தெரிந்துகொண்டே ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

மத்தியானமே ராய்ஸிடம் கேட்டுவிட்டாள், இன்னும் எதற்கு அந்தத் திருடனுக்குக் காவல் என்று.

"போன்ல பேசினது போனோட போயிடணும், மார்வா" என்றார் ராய்ஸ். "வெளிய விட்டவனோட அப்புறம் ஒருத்தனும் பேச மாட்டான். எனக்கு இருக்கிற கதவெல்லாம் சாத்திடும்."

"இப்ப எந்தக் கதவு தொறந்து கிடக்கு? அவன் பொய்யக் கட்டிக் காத்தது நீ. அதே பொய்யச் சொல்லித்தான் உன்னை வெளிய தள்ளியிருக்காங்க."

எழுந்து கார் கொட்டகைக்குள் போன ராய்ஸ் இன்னும் வெளியே வரவில்லை.

ரேடியோவில் இப்போது ஒருத்தன் வந்து, டாலிவர் இருந்திருந்தால் அந்தப் பையனை எப்போதோ விற்றுத் தின்றிருப்பார் என்றான். டட்ச் விழுந்து விழுந்து சிரித்தான். மார்வா கத்தியைப் போட்டுவிட்டு, வெங்காயக் கையோடு சுவர்ப் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்துவிட்டு டட்ச் வந்தான். "நம்ம கேரல் அம்மா. வாங்க, இன்னிக்கும் டாலிவர் புராணம்தானா?"

"இன்னிக்கு வேற ஒண்ணு சொல்லப்போறேன்" என்று அவள் ஆரம்பித்ததுமே, அவள் குரல் மேடைக் கடைசியிலிருந்து கரகரத்துத் திரும்பி வந்தது. கோபத்தில் ரேடியோவை மறந்துபோயிருந்தாள்.

"ரேடியோவக் குறைங்கம்மா. இல்ல, லைன வெட்டிடுவேன்."

போனின் சுருள் ஒயர் ரேடியோ வரை எட்டாது. திரும்பிப் பார்த்தாள். கொட்டகைக் கதவருகே ராய்ஸ் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கொட்டகைக்குள்ளிருந்து டட்சின் குரல் கேட்டது. அங்கேயும் அதே நிகழ்ச்சிதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அவளை நோக்கி நடந்து வந்தார். போனைப் பிடுங்கத்தான் வருகிறார் என்று அவளுக்குப் பட்டது. ஜென்மத்துக்கும் விட மாட்டேன் என்று இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டட்ச் கடைசித் தடவையாகச் சொல்கிறேன் என்று எச்சரித்தான்.

ராய்ஸ் அவளைத் தாண்டிப் போனார். மேடைக் கடைசிக்குப் போய் ரேடியோவின் குமிழைத் திருகினார். சத்தம் அடங்கியது. பிறகு அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேரலாப் பேசாத" என்றார். "உன் பேர்லயே சொல்லு."

மார்வா போனைக் காதில் வைத்தாள். "நான் மார்வா டாலிவர். ராய்ஸ் டாலிவரோட பொண்டாட்டி" என்றாள். பெட்டிஸை விற்க லிண்ட்க்விஸ்ட் லீக் முழுக்கப் போன் போட்ட கதையை ஆரம்பித்தாள். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ராய்ஸ் எழுந்திருக்கவில்லை.