சிம்மாசனத்தில் இருக்கிற ராசா

பதுளைக்கு மேலே, ஹாலிஎலப் பக்கத்துக் குன்று ஒன்றில், மிஷன்காரர் ஒரு பல்கலைக்கழகம் கட்டத் தொடங்கினார்கள். முதலில் வாயிலைக் கட்டினார்கள். 'ஊவா கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்' என்று அதில் கருங்கல்லில் பொறித்தார்கள். அதற்குப் பிறகு சீமையில் இருந்த ஆதரவாளர்களின் உற்சாகம் வடிந்துவிட்டது. மருத்துவமும் சட்டமும் விஞ்ஞானமும் திட்டத்திலேயே தங்கிவிட, சங்கீதப் பிரிவு மட்டும் ஒரு தகரக்கூரைக் கட்டடத்தில் பிறந்தது. வாயிலை இடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே 1953ஆம் ஆண்டில் பதுளையில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதில் படித்தவர்கள் எல்லோரும் பெண்கள், படித்ததெல்லாம் பாட்டு.

மழைக்காலத்தில் அங்குள்ள பியானோக்களுக்குத் தடிமனும் சளியும் பிடிக்கும். விரிவுரையாளர்களுக்கு எல்லாக் காலத்திலும் பிடித்திருந்த நோய் வேறு. சீமைப் பரீட்சை எழுதியவர்கள் தேநீர் அறையில் சாய்வு நாற்காலியில் இருப்பார்கள். சென்னையில் படித்தவர்கள் பிரம்பு நாற்காலியில் இருப்பார்கள். இரண்டும் இல்லாதவர்கள் ஜன்னலோரம் நின்று இயற்கையை ரசிப்பார்கள். வயலின் விரிவுரையாளர் தங்கராஜாவும் வாய்ப்பாட்டு விரிவுரையாளர் ஜெயராசாவும் ஒரே அறையில் வேலை செய்தார்கள். நடுவில் ஒரு அலுமாரியை இழுத்து வைத்திருந்தார்கள். ஏதாவது கேட்க வேண்டுமானால் அலுமாரியைப் பார்த்துக் கேட்பார்கள். எல்லோருக்கும் மேலே அதிபர் மிஸ் வின்டர். வேதாகமத்தை வைத்துத் தமிழ் படித்தவர். காவல்காரன் மாரிசாமியை விளக்கேற்றச் சொன்னாலும் தீர்க்கதரிசனம் சொல்வதுபோல் இருக்கும்.

இந்த இடத்துக்குத் தமது ஒரே மகள் கமலாம்பிகையை அனுப்பியதற்குச் சிவசுப்பிரமணியத்திடம் தக்க காரணம் இருந்தது. அவர் ஊவா மாகாண அரசாங்க அதிபரின் அலுவலகத்தில் பிரதம லிகிதர். யாழ்ப்பாணத்தில் நல்ல குடும்பம். எவ்வளவு நல்ல குடும்பம் என்பதை அவர் சொல்லிக் கேளாதவர்கள் பதுளையில் குறைவு. கமலாம்பிகைக்குக் கொழும்பில் டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பேசியிருந்தது. டாக்டரின் தாய் விசாலாட்சி, பியானோ தெரிந்த பிள்ளைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். கொழும்பில் டாக்டர்மாரின் வரவேற்பறைகளில் அப்போது அதுதான் வழக்கம். பெண் பார்க்க வருவதாகப் பெயர் வைக்காமல், கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நத்தார் இசைவிழாவுக்கு வருவதுபோல் வந்து பிள்ளையைப் பார்ப்பதாகவும் ஏற்பாடு. பிள்ளையைப் பிடித்தால் தையில் கலியாணம். டிப்ளோமா அரைவாசியில் நிற்கும். நின்றால் என்ன, பியானோ பழகியது போதாதா என்பது சிவசுப்பிரமணியத்தின் கருத்து. கமலாம்பிகையின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, மகள் விறாந்தையில் ஒரு நீண்ட தடியுடன் நடந்து பழகுவதை அவர் கண்டார்.

"என்ன பிள்ளை உது?"

"ஆடு மேய்க்கிற தடி, அப்பா. விழாவில போடுற இசை நாடகத்தில நான் மேய்ப்பர் கூட்டத்தில நிக்கிறன்."

சிவசுப்பிரமணியம் பத்திரிகையை மடித்தார். "ஆட்டுக்காரியோ?"

"ஆட்டுக்காரன், அப்பா. எங்களுக்க ஆம்பிளையள் இல்லைத்தானே. தணிஞ்ச குரல் உள்ள ஆக்கள் ஆம்பிளை வேசத்துக்குப் பாடவேணும்."

"உந்தத் தணிஞ்ச குரலைக் கொஞ்சம் ஒடுக்கிப் பேசு எண்டு எத்தினை தரம் சொன்னனான். அது கிடக்கட்டும். முதல் வேசம் ஆருக்கு?"

"மாதாவுக்குப் பாடுறது பாக்கியலெட்சுமி. மடுல்சீமைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின்ர மகள்."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி லீலாதேவி, "அது நல்லாப் பாடுற பிள்ளை," என்றார். அந்தக் கருத்து விறாந்தைக்கு வந்து சேரவில்லை. தோட்டத்துப் பிள்ளை நடுவில் நிற்க, தம்முடைய மகள் ஆட்டுத்தடியுடன் ஓரத்தில் நிற்பதை டாக்டரின் தாய் முன்வரிசையில் இருந்து பார்க்கப்போகிறார். சிவசுப்பிரமணியம் அன்று பின்னேரமே கோட்டை மாட்டிக்கொண்டு குன்றேறினார்.

மிஸ் வின்டர் அவரை அமரச் சொன்னார். பக்கத்தில் ஜெயராசா நின்றிருந்தார். நாடகத்துக்கு இசை அமைத்தவர் அவர்தான். நமுனுகுலத் தோட்டம் ஒன்றின் தலைமைக் கங்காணியின் பேரன். மிஷன் செலவில் சென்னை போய்ப் படித்துவந்தவர். ஆகவே பிரம்பு நாற்காலி. சிவசுப்பிரமணியம் அவரைப் பார்க்காமல் அதிபரைப் பார்த்தே பேசினார்.

"எங்கட குடும்பத்தில ஒருத்தரும் ஆடு மேய்ச்சதில்லை, மடம்."

"மேய்ப்பர்கள் பாக்கியவான்கள், ஐயா. தேவதூதர் முதலில் அவர்களுக்கே தரிசனமானார்கள்," என்றார் மிஸ் வின்டர்.

"அது அவையின்ர பாக்கியம். என்ர பிள்ளைக்கு ஒரு ராசா வேசம் தாங்கோ. கதையில ராசா இல்லையே?"

ஜெயராசா தொண்டையைச் செருமினார். "ராஜாங்க நெறைய இருக்காங்க, சார். மூணு பேரு கெழக்க இருந்து வர்றாங்க. தங்கம், சாம்பிராணி எல்லாம் எடுத்துக்கிட்டு."

"ஆர் சுமக்கிறது?"

"அவங்களேதாங்க."

"தங்கட சாமானைத் தாங்களே சுமந்துகொண்டு நடந்து வாறவை என்ன ராசாக்கள். வேற?"

"இன்னொருத்தரு இருக்காரு. அந்த நாட்டு ராஜா. சிம்மாசனத்தில ஒக்காந்திருப்பாரு. சேவகங்க சுத்தி நிப்பாங்க. அவரு வாயத் தொறந்தா சபையே நடுங்கும். ஆனா சார், அந்த ராஜா வந்து..."

"அதுதான். அதைக் குடுங்கோ."

"குரலு பொருந்துமுங்க. கமலா மாதிரி ஒரு அடிக்குரலு இந்தக் காலேஜிலயே கெடையாது. ஆனா அவரு என்ன செய்யிறாருன்னா..."

"மாஸ்டர், ராசா எண்டால் என்ன செய்வார் எண்டு எங்களுக்கு நீங்கள் படிப்பிக்கத் தேவையில்லை," என்றார் சிவசுப்பிரமணியம். எங்களுக்கு, நீங்கள் என்ற இரண்டையும் அழுத்திச் சொன்னார்.

ஜெயராசா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "சரிங்க சார்," என்றார். அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட சந்தோஷத்தைப் பிறகு அலுமாரிக்கு அந்தப்பக்கம் இருந்த தங்கராஜாவோடுகூடப் பகிர்ந்துகொண்டார் என்று கேள்வி.

மிஸ் வின்டர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிப்பதற்கு இடம் கொடாமல் அடுத்த வாரமும் சிவசுப்பிரமணியம் போனார். "எங்கட குடும்பத்துக்குப் பொருத்தமான வேசம் அது ஒண்டுதான்," என்று எழுந்து நின்று சொன்னார். கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் கமலாம்பிகை ஒருமுறை வாயெடுத்தாள். "அப்பா, அந்த ராசாவின்ர கதை உங்களுக்குத் தெரியுமே?"

"வேதக்காரரின்ர கதை இந்த வீட்டுக்க வேண்டாம். பாட்டைப் பழகு, கதையை அங்கேயே விட்டிட்டு வா."

அவள் விட்டுவிட்டாள். உண்மையில் அவளுக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு வருடமாக வீட்டில் ஒடுக்கி வைத்த குரலை அங்கே முழுதாகத் திறந்துவிடலாம். தகப்பனோ தமது கலியாணத்துக்குப் போட்ட சரிகைச் சால்வையைப் பெட்டியிலிருந்து எடுத்து, ராசாவின் மேலாடைக்கென்று கொடுத்தனுப்பினார்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்துத் துரைமார் இரண்டு வரிசை, பட்டணத்துக் கடைக்காரர், மடுல்சீமையிலிருந்து லொறியில் வந்திறங்கிய பாக்கியலெட்சுமியின் உறவினர். முன்வரிசையில் சிவசுப்பிரமணியம், அவருக்கு வலப்பக்கம் லீலாதேவி, இடப்பக்கம் காஞ்சிபுரம் கட்டிய விசாலாட்சி.

"பியானோவில ஆரம்பிப்பாவோ?" என்று விசாலாட்சி கேட்டார்.

"பியானோ எல்லாரும்தான் அடிக்கினம். எங்கட பிள்ளைக்குச் சிம்மாசனம்," என்றார் சிவசுப்பிரமணியம்.

மேய்ப்பர்கள் பாடிப் போனார்கள். சாமான் சுமந்த ராசாக்கள் வந்தபோது சிவசுப்பிரமணியம் விசாலாட்சியின் பக்கம் சாய்ந்து, அவர்கள் சும்மா துணை வேடங்கள் என்று விளக்கினார். பாக்கியலெட்சுமி குழந்தையை மடியில் வைத்துப் பாடியபோது சில துரைசானிகள் கண்ணைத் துடைத்தார்கள். விசாலாட்சியும் துடைத்தார். சிவசுப்பிரமணியம் பொறுமையாக இருந்தார்.

பிறகு முரசு. திரை விலகியது. உயரமான சிம்மாசனத்தில், இடுப்புவரை தொங்கும் கருந்தாடியுடன், சரிகைச் சால்வை போர்த்தியபடி கமலாம்பிகை இருந்தாள். சேவகர்கள் தரையில் விழுந்தார்கள். சிவசுப்பிரமணியத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

அவள் பாடத் தொடங்கினாள். நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது குரல். தகரக்கூரை அதிர்ந்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அந்தக் குழந்தையின் அழுகை பாட்டின் பொருளுக்கு மிகவும் பொருந்தியிருந்தது என்பது இரண்டாவது அடியில்தான் சிவசுப்பிரமணியத்துக்கு விளங்கியது. நாட்டில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளை ஒன்று விடாமல் வெட்டிப்போடும்படி அவருடைய மகள் கட்டளையிட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை சொன்னதோடு விடவில்லை. ஜெயராசா அந்த அடிக்கு நான்கு வகையாக இசை அமைத்திருந்தார். நான்காவது வகையில் அவள் எழுந்து நின்று, வாளை உருவி, சபையின் முன்வரிசையைப் பார்த்துப் பாடினாள். தாய்மார் வேடத்தில் நின்ற பிள்ளைகள் கந்தையில் சுற்றிய பொம்மைகளோடு நாலாபக்கமும் ஓடினார்கள்.

திரை விழுந்ததும் மண்டபம் இடிந்துவிடும்போல் கைதட்டியது. துரைமார் எழுந்து நின்று தட்டினார்கள். மடுல்சீமைக்காரர் சீட்டியடித்தார்கள். கைதட்டாதவர்கள் இருவர், பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

விழா முடிந்து பக்கத்து அறையில் தேநீர் கொடுத்தார்கள். விசாலாட்சி கோப்பையைத் தொடவில்லை.

"அண்ணை, நான் பேரப்பிள்ளை காணவேணும் எண்டு பெண் தேடி வந்தனான். உங்கட பிள்ளை நாடு முழுக்க இருந்த பிள்ளையளை வெட்டச் சொல்லுது. பெண் பாக்கிற நேரத்தில இது என்ன சகுனம்?"

"வேசம்தானே..."

"ஆர் இந்த வேசத்தைக் குடுத்தது?"

சிவசுப்பிரமணியம் சுற்றிப் பார்த்தார். மிஸ் வின்டர் நான்கடி தள்ளி நின்றார். "இவைதான். எங்களைக் கேளாமல் குடுத்துப்போட்டினம்," என்றார்.

மிஸ் வின்டர் திரும்பினார். பொய்யைக் கேட்டால் சும்மா இருக்க முடியாத சுபாவம். "ஐயா, நீரே இரண்டு முறை வந்து வேண்டிக்கொண்டீரே. உம்முடைய குடும்பத்துக்குப் பொருத்தமான வேடம் இதுவொன்றே என்று எழுந்து நின்று சாட்சி பகர்ந்தீரே."

"ஆமாங்க," என்றார் பின்னால் நின்ற ஜெயராசா. "சால்வகூட சாரு வீட்டுதுதாங்க. நல்ல எடுப்பா இருந்திச்சு."

பக்கத்தில் நின்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தார்கள். தங்கராஜா ஒருவர் கோப்பைக்கு வெளியே சிரித்தார்.

விசாலாட்சி குரலைத் தாழ்த்தவில்லை. "சரி, நடந்தது நடந்து போச்சு. பிள்ளையின்ர படிப்பை இண்டையோட மறியுங்கோ. கோயில்ல ஒரு பிராயச்சித்தம் செய்வியுங்கோ. பிறகு நீங்கள் எங்கட வீட்டை வந்து, பிழை நடந்து போச்சு எண்டு என்ர தமையனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு யோசிப்பம்."

லீலாதேவி கணவனின் கையை மெல்லத் தொட்டார். டாக்டர் இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்பது அந்தத் தொடுகையின் பொருள். கோயிலுக்குப் போவதில் சிவசுப்பிரமணியத்துக்கு ஆட்சேபம் இல்லை. மகளை மறிப்பதிலும் இல்லை. ஆனால் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பிழை என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதுதான் அவருக்கு ஆகாது. அரசாங்க அதிபரிடமே அவர் அந்த வார்த்தையைச் சொன்னது கிடையாது.

"என்ன பிழை?" என்றார்.

"என்ன பிழையோ?"

"நான் கேட்டுத்தான் குடுத்தவை. எங்கட பிள்ளை சிம்மாசனத்தில இருந்தது. இருந்து பாடினது. இந்த மண்டபத்தில அப்பிடி ஒருத்தரும் பாடேல்லை. பிராயச்சித்தம் செய்யிற வேலை எங்கட குடும்பத்தில ஒருத்தரும் செய்யிறதில்லை."

"யோசிச்சுப் பேசுங்கோ, அண்ணை."

"யோசிச்சுத்தான் பேசுறன். உங்களுக்குக் கொழும்புக்குப் பின்னேர ரெயின் கிடக்கெல்லே."

விசாலாட்சி கைப்பையை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கமலாம்பிகை வந்தாள். தாடியைக் கழற்றியிருந்தாள், பசை மட்டும் கன்னத்தில் இருந்தது. நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

"வீட்டை போவமே, அப்பா?"

"நில். அவ முதல் போகட்டும். நாங்கள் ஓடினமாதிரி இருக்கக்கூடாது." பிறகு, வாசலை நெருங்கிக்கொண்டிருந்த காஞ்சிபுரத்துக்குக் கேட்கும்படியாக அதிபரின் பக்கம் திரும்பினார். "மடம், என்ர மகள் டிப்ளோமா முழுக்கப் படிச்சு முடிப்பா. அதுக்கு மேல ஒரு படிப்பு இருந்தால் அதையும் படிப்பா."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார் மிஸ் வின்டர்.

கமலாம்பிகை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. சிவசுப்பிரமணியம் அதைக் கண்டார். தகப்பன் மனம் இளகியது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்பிள்ளை டாக்டரை இழந்து அழுவதில் தப்பில்லை என்று நினைத்தார்.

"அழாதை, பிள்ளை. ஆக்கள் பாக்கினம். ஊரில வேற டாக்குத்தர்மார் இல்லையே."

"ஓம், அப்பா," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. பக்கத்தில் நின்ற பாக்கியலெட்சுமி ஏனோ வாயைப் பொத்திக்கொண்டு அவசரமாகத் தேநீர் எடுக்கப் போய்விட்டாள்.