கீழ்த்தாடை

சுறாவின் உடம்பில் கெட்டியான எலும்பு கிடையாது; எல்லாம் குருத்தெலும்புதான். செத்தால் அது கரைந்துவிடும், பல் மட்டும் மிஞ்சும். அந்த ஒற்றைப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழு மீனை ஊகிப்பதுதான் எங்கள் வேலை. தாடை கல்லாகிக் கிடைப்பது அபூர்வம். சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து அப்படி ஒன்று வந்தபோது அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான், கீழ்ப்பகுதி தெரிய ஆரம்பிக்கும் வரை.

கல்லைச் சுரண்டித் தாடையை வெளியே எடுப்பவரை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையில் எப்போதும் ஒரு ஊசி இருக்கும். அன்று மதியம் அவர் என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார்.

"மேல் வரிசை பழைய ஆசாமி, மேடம். கீழ் வரிசையைப் பாருங்க."

மேலே அகன்ற முக்கோணப் பற்கள், ஓரமெல்லாம் ரம்பம். நூறு வருடங்களுக்கு முன்பே பெயர் வைக்கப்பட்ட சுறா அது. கீழே இருந்தவை ஒடுங்கி, நிமிர்ந்து, குத்தூசி போல இருந்தன. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவை என் அண்ணனின் பற்கள்.

அண்ணனும் இதே அறையில் வேலை பார்த்தவர்தான். இருபது வருடங்களுக்கு முன் அதே குவாரியில் இப்படி ஒடுங்கிய பற்களை உதிரியாகப் பொறுக்கி, இது புதிய இனம் என்று எழுதினார். அந்த வருடம்தான் அவருடைய மகள் காய்ச்சலில் போயிருந்தாள். முன்பல் விழுந்து இன்னும் முளைக்காத வயது. புதிய சுறாவுக்கு அவள் பெயரை வைத்தார்.

இப்போது இரண்டு வகைப் பல்லும் ஒரே வாயில் இருந்தன. ஒரே மீன். எங்கள் துறையின் விதிப்படி முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்; அண்ணன் மகளின் பெயர் போய்விடும்.

ஊசி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "கீழ கல்லு ரொம்பக் கெட்டி, இதுக்கு மேல கை வெச்சா தாடையே உடைஞ்சிடும்னு எழுதிக் குடுத்துடறேன். நான் சொன்னா நம்புவாங்க. கீழ் வரிசையைப் பழையபடி மூடறதுக்கு எனக்கு அரை நாள் போதும்."

வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். தாடை மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும், "என்ன, பல்லு வலியா?" என்றார்.

"அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் வேற என்ன வலி வரும்?" என்றாள் அண்ணி.

"குவாரித் தாடையை நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும், அண்ணா."

"நீ பாத்துட்டே இல்ல?"

"பாத்துட்டேன். நீங்களும் பாக்கணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போன பிறகும் அவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "நானாவது அவ போட்டோவைப் பாத்து அழுதேன். இவர் அழவே இல்ல. அந்த மீனைப் பத்தியே பேசிப் பேசி ஓட்டிட்டார். என்ன விஷயமோ எனக்குத் தெரியாது. பாத்து நடந்துக்கோ."

மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். துணியை எடுத்தார். லென்ஸை வைத்து மேல் வரிசையைப் பார்த்தார், பிறகு கீழ் வரிசையை. நானும் ஊசியும் சுவரோரம் நின்றோம். சாவு வீட்டில்கூட யாராவது இருமுவார்கள்.

"கடைசிப் பல்லு கல்லுக்குள்ளேயே இருக்கே. ஏன் விட்டுட்டே?"

"கல்லு கெட்டி, சார்."

"பொய் சொல்லும்போது உனக்குக் காது சிவக்கும். இன்னும் மாறலையே நீ. ஊசியைக் குடு."

அவரே உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார்.

"இது கீழ்ப்பல்லா இருக்குமோன்னு அப்பவே ஒருத்தர் கேட்டார்," என்றார் தலை நிமிராமல். "தாடை கிடைச்சா பாத்துக்கலாம்னு சொன்னேன். கிடைக்காதுன்னு நெனச்சேன். கல்யாணப் பத்திரிகையில வர வேண்டிய பேரு. அது வரல. எங்கயாவது அச்சுல வரட்டும்னு தோணிச்சு."

நான் ஒரு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எழுது. ரெண்டும் ஒண்ணுதான்னு எழுது. என் பேரையும் சேத்துக்கோ. வேற யாரோ வந்து அவ பேரை எடுக்கக் கூடாது."

"சரிண்ணா."

"பழைய பேருக்குக் கீழ சின்ன எழுத்துல அவ பேரும் வரும் இல்ல?"

"வரும். இந்தச் சுறாவோட பெயர்களை யார் வரிசைப்படுத்தினாலும் அதுல வந்துதான் ஆகணும்."

"அது போதும்."

கல்தூள் மேஜையில் சேர்ந்துகொண்டே இருந்தது. சிறிது நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "மேல்பல்லு அறுக்கத்தான். விடாமப் பிடிச்சுக்கிறது கீழ்ப்பல்லு."

தாடையின் கோடியில் இருந்த கடைசிப் பல் வெளியே வந்தது. அந்த இடத்தில் பற்கள் மிகவும் சிறியவை. இது ஒரு பால்பல் அளவுதான் இருந்தது. அண்ணன் தூளை ஊதினார். ஊசியைக் கீழே வைத்தார். விரல் நுனியை அந்தப் பல்லின் மேல் வைத்தார்; எடுக்கவே இல்லை.

ஊசி மெல்லக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். நான் விளக்கை அண்ணன் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.